மிஷின் சத்தமும் காதுக் கணக்கும்



ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், கிடங்குக்குத் தீ இன்சூரன்ஸ் என்று நம் தொழிலுக்கு வேண்டிய விஷயங்கள் பலவற்றையும் நமது இதழில் படித்து வருகிறோம். காதைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை. வியாபாரிக்குக் கண்ணும் கையும் வாயும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் காதும். ஆனால் கண் மங்கினால் உடனே கண்ணாடி போடுகிற நாம், காது மங்குவதைப் பத்து வருடம் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அதிலும் கடைக்குப் பின்கட்டிலோ பக்கத்திலோ அரவை மிஷின் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு இது தாமதமாகத்தான் தெரிய வந்தது. தாமதத்தின் விலையை நாம் கொடுக்கவில்லை, நம்மிடம் வேலை பார்த்தவர் கொடுத்தார்.

நம் கிடங்கின் பின்கட்டில் 1994-ஆம் ஆண்டு வத்தல், மல்லி, மஞ்சள் அரைக்க ஒரு சுத்தியல் மிஷினும், மாவு அரைக்க ஒரு கல் மிஷினும் போட்டோம். அப்போது 22 வயதில் ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்தார். நல்ல உழைப்பாளி. மிஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போகிறதா, சல்லடை கிழிந்ததா என்று சொல்லிவிடுவார். மாசி, பங்குனி மாதங்களில் வீட்டுக்கு வீடு வருஷத்துக்கான மிளகாய்ப்பொடி அரைக்க வருவார்கள் அல்லவா, அப்போதெல்லாம் காலையில் சுவிட்சைத் தட்டினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் அணைப்பார்.

இருபது வருடம் கழித்து, முதுகு வலிக்கிறது என்று சொன்னதால் அவரை முன்பக்கம் சில்லறைக்கு மாற்றினோம். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. பச்சைப்பயறு கேட்ட அம்மாவுக்குத் தட்டைப்பயறு நிறுத்துப் போட்டார். கால் கிலோ கேட்டவருக்கு நாலு கிலோ. ஒன்றிரண்டு முறை என்றால் பரவாயில்லை, வாரம் நாலைந்து தடவை. ஆண்கள் கேட்டால் ஓரளவு சரியாக இருக்கும், பெண்களும் குழந்தைகளும் கேட்டால்தான் தப்பு வரும். 'வேண்டுமென்றே கவனிக்காமல் இருக்கிறான்' என்று நாம் நினைத்தோம். ஒரு நாள் வாடிக்கையாளர் நாலு பேர் முன்னால், 'காதை எங்கேப்பா வச்சிருக்கே?' என்று சத்தம் போட்டுவிட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, 'முதலாளி, நீங்க பேசுறது கேக்குது. என்ன பேசுறீங்கன்னுதான் பிடிபடல' என்றார். அதையும் நாம் சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொண்டோம்.

அவர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை என்பது, அவருடைய மனைவி வந்து வீட்டில் டி.வி. சத்தத்தால் தினம் சண்டை என்று அழுத பிறகு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனபோதுதான் விளங்கியது.

காதுக்குள் நடப்பது என்ன?

டாக்டர் படம் போட்டுக் காட்டி விளக்கினார். காதின் உட்பகுதியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மிக நுண்ணிய மயிர்ச் செல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம். வெளியிலிருந்து வரும் ஒலி அதிர்வை நரம்புக்குப் புரியும்படி மாற்றித் தருபவை இவைதாம். பலத்த சத்தம் வரும்போது இவை களத்துமேட்டில் மாடு மிதித்த புல் போலச் சாய்ந்துவிடும். சத்தம் நின்று ஓய்வு கிடைத்தால் நிமிர்ந்துகொள்ளும். நாள்தோறும் மிதிபட்டால் ஒரு கட்டத்தில் நிமிராது, செத்துவிடும். தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளர்கிறது. மனிதனுக்கு இந்தச் செல்கள் திரும்ப வளர்வதில்லை. இதற்கு மாத்திரையும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. காதில் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினால் சரியாகும் என்று நம் பக்கம் சொல்வார்கள். எண்ணெய் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதே கிடையாது, அதற்கு முன்னால் செவிப்பறை இருக்கிறது.

இங்கே ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது காதில் பஞ்சு அடைத்தாற்போல் இருக்கும், 'ஙொய்' என்று இரையும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று நாமும் கவலையை விட்டுவிடுகிறோம். உண்மையில் அந்தப் பஞ்சடைப்பும் இரைச்சலும்தான் காது அனுப்பும் நோட்டீஸ். காலையில் காது தெளிந்துவிடுவதாலேயே நோட்டீஸை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலில் போவது உச்ச சுருதி ஒலிகள். வினாடிக்கு 4,000 அதிர்வு என்ற இடத்தை ஒட்டித்தான் முதல் பள்ளம் விழுகிறது. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்து ஒலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வருபவை. க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமான கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில், மெலிவாக வருபவை. ஆகவே பள்ளம் விழுந்த காதுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. பச்சை, தட்டை என்ற இரண்டு சொல்லையும் வல்லினத்தை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தத் தம்பி தராசில் தப்புப் போட்டதன் காரணம் இதுதான். பெண்கள், குழந்தைகள் குரல் இயல்பாகவே உயர்ந்த சுருதி என்பதால் அங்கே தப்பு கூடியது.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். இந்தச் சேதம் முதல் பத்து, பதினைந்து வருடத்தில்தான் வேகமாக நடக்கிறது. அதற்குப் பிறகு வேகம் குறைகிறது, ஏனென்றால் அந்த இடத்தில் போக வேண்டியது பெரும்பாலும் போய்விடுகிறது. 'சின்னப் பையன்தானே, காது நல்லா இருக்கு, மிஷினில் நிற்கட்டும்' என்று நாம் செய்வது தலைகீழான காரியம். பின்னால் வயது ஏறும்போது முதுமையினால் வரும் குறைவும் சேர்ந்துகொள்ளும்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த சமாசாரமும் இல்லை. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி என்பவர் 1700-ஆம் ஆண்டு தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெனிஸ் நகரில் நாள் முழுதும் செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்கள் செவிடாவதை எழுதியிருக்கிறார். மாவரைக்கும் ஆலைக்காரர்களுக்கும் சக்கரம், திரிகை இவற்றின் ஓசையால் காது மந்தமாவதையும் குறித்திருக்கிறார். மின்சாரமே இல்லாத காலத்து மாவு மில் அது! 1886-ல் கிளாஸ்கோ நகரத்துக் காது மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரின் காதருகே கடிகாரத்தை வைத்து அதன் டிக் டிக் ஓசை எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை.

டெசிபல் என்னும் அளவு

சத்தத்தை அளப்பது டெசிபல் என்ற அளவால். கிலோ, லிட்டர் போல இதைக் கூட்டிப் பார்க்கக் கூடாது. 90 டெசிபல் போடும் இரண்டு மிஷின் சேர்ந்து ஓடினால் 180 ஆகாது, 93 ஆகும். அதாவது 3 கூடினாலே ஒலியின் சக்தி இரட்டிப்பு என்று பொருள். 10 கூடினால் பத்து மடங்கு. '85-க்கும் 95-க்கும் பத்துதானே வித்தியாசம்' என்று நினைப்பவர் பத்து மடங்கு சரக்கை ஒரு மடங்கு விலைக்குக் கொடுத்தவர் ஆவார்.

சாதாரணமாக இருவர் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில் இருக்கும். மாவு மில்களில் 90-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு நாட்டு முறை உண்டு. ஒரு கை நீட்டும் தூரத்தில், அதாவது மூன்றடியில், நிற்கும் ஆளிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அங்கே 90-ஐ ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு, ஏழு அடியில் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் 85. செல்போனில் சத்தம் அளக்கும் செயலிகளும் வந்திருக்கின்றன. தராசு போலத் துல்லியம் என்று சொல்ல முடியாது, உத்தேசத்துக்கு உதவும்.

இனி வரம்புக்கு வருவோம். எவ்வளவு சத்தம் என்பது பாதிக் கணக்குத்தான், எவ்வளவு நேரம் என்பது மறு பாதி. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் கையாளப்பட்டு வந்த அட்டவணை இப்படி: 90 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 92 என்றால் 6 மணி. 95 என்றால் 4 மணி. 97-க்கு 3 மணி. 100-க்கு 2 மணி. 105-க்கு ஒரே மணி. 110-க்கு அரை மணி. 115 என்றால் கால் மணி நேரம், அதற்கு மேலான தொடர் சத்தத்தில் ஒரு நிமிடம்கூடக் காதுறை இல்லாமல் நிற்கக் கூடாது. ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது என்பதைக் கவனிக்க.

ஒரே ஆள் வத்தல் மிஷினில் கொஞ்ச நேரம், மாவு மிஷினில் கொஞ்ச நேரம் நின்றால் எப்படிக் கணக்குப் பார்ப்பது? இதற்கு நாம் ஒரு ரூபாய்க் கணக்கு வைத்திருக்கிறோம். காதுக்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் கடன் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 95-ல் அனுமதி 4 மணி. அங்கே 2 மணி நேரம் நின்றால் பாதி போயிற்று, 50 காசு. 92-ல் அனுமதி 6 மணி. அங்கே 3 மணி நின்றால் இன்னொரு 50 காசு. ரூபாய் தீர்ந்தது. அன்றைக்கு அந்த ஆள் மிஷின் பக்கம் போகக் கூடாது.

டாக்டரைப் பார்த்து வந்த பிறகு, இன்ஜினீயரிங் படித்த உறவுப் பையன் ஒருவனை மீட்டரோடு வரவழைத்து நம் பின்கட்டை அளந்தோம். வத்தல் மிஷின் பக்கத்தில் முள் 100-ஐத் தொட்டு நின்றது. மாவு மிஷினில் 92. கல்லாப்பெட்டி அருகே, அதாவது நாம் உட்காரும் இடத்தில், 86. அந்தத் தம்பி சராசரியாக வத்தல் மிஷினில் 5 மணி, மாவு மிஷினில் 3 மணி நின்றிருக்கிறார். 100-க்கு அனுமதி 2 மணி, ஆகவே 5 மணிக்கு இரண்டரை ரூபாய். 92-ல் 3 மணிக்கு 50 காசு. ஒரு ரூபாய் வரம்புக்குத் தினம் மூன்று ரூபாய், அதுவும் இருபது வருடம். வாடிக்கையாளர் யாராவது இப்படிக் கடன் எடுத்திருந்தால் முதல் வாரமே நாம் கணக்கை நிறுத்தியிருப்போம்.

இந்த 90 என்ற அளவே தாராளமான அளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க நாட்டின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரை 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது. சக்தி இரட்டிக்கும் இடத்தில் நேரத்தைப் பாதியாக்கும் இந்த முறைதான் நமக்கு நியாயமாகப் படுகிறது. அதன்படி 100 டெசிபலுக்கு அனுமதி கால் மணி நேரமே. மேற்படி தம்பியின் வத்தல் மிஷின் கணக்கு மட்டும் 20 ரூபாய் ஆகிறது. அதே நிறுவனத்தின் மதிப்பீட்டில், 40 வருடம் 90 டெசிபலில் வேலை பார்ப்பவர்களில் 100-க்கு 25 பேருக்குச் சத்தத்தினாலேயே காது பழுதாகும், 85-ல் 8 பேருக்கு. விதிக்கு உட்பட்டு நடந்தாலே நாலில் ஒருவர் என்றால், விதியையே பாராத நம் மில்களை என்னவென்று சொல்வது?

சட்டம் எங்கே நிற்கிறது?

சத்தத்தால் வரும் காது கேளாமை, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இடம் பெற்றிருந்தது. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் பழைய சட்டத்தில் மின்சக்தி உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை. புதிய தொகுப்பில் 20 பேர். நம் அரவை மில்லில் இருப்பது இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். இன்ஸ்பெக்டர் மீட்டரோடு நம் பின்கட்டுக்கு வரப் போவதில்லை. 'அப்பாடா' என்று பெருமூச்சு விட வேண்டிய இடம் அல்ல இது. இன்ஸ்பெக்டர் வராத இடத்தில் காதைக் காக்க வேறு ஆள் இல்லை, முதலாளிதான் காக்க வேண்டும் என்றே இதற்குப் பொருள்.

நஷ்ட ஈடு வேறு விஷயம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் சத்தத்தால் வரும் செவிக்குறை இடம் பெற்றிருந்தது. இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆள் கைகால் அடிபட்டால்தான் ஈடு என்று நினைத்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் வக்கீலிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. நமக்கு அப்போது இது தெரியாது. தெரியாமலே, செய்ய வேண்டியது என்று தோன்றியதைச் செய்தோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

வேறொரு குழப்பமும் நம்மவரிடம் உண்டு. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளில் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவில் 55 என்றும், குடியிருப்புப் பகுதிக்கு 55, 45 என்றும் இருக்கிறது. இது அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்கும் நிம்மதிக்கும் வைத்த அளவு. மிஷின் பக்கத்தில் நிற்பவர் காதுக்கு வைத்த அளவு அல்ல. தெருவில் யாரும் புகார் செய்யவில்லை என்பதால் உள்ளே நிற்பவர் காது பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது.

நாம் செய்தவை

முதலில் மிஷினைப் பார்த்தோம். சுத்தியல்கள் தேய்ந்து ஒன்றுக்கொன்று எடை மாறியிருந்தன, அதனால் அதிர்வு அதிகம். மொத்தமாக மாற்றினோம். தளர்ந்த போல்டுகளை முடுக்கி, மிஷினுக்கும் தரைக்கும் நடுவே கெட்டியான ரப்பர் பாய் வைத்தோம். பேரிங்கும் பெல்ட்டும் புதிது போட்டோம். சரக்கு இல்லாமல் மிஷினை வெறுமனே ஓட விடும் பழக்கத்தை நிறுத்தினோம். அடுத்த வாடிக்கையாளர் டப்பாவைத் திறக்கும் வரை சும்மா ஓடும் பத்து நிமிடம் நாலு தடவை சேர்ந்தால் நாற்பது நிமிடம், கரண்டும் வீண் காதும் வீண். இவ்வளவுக்கு 100 இருந்த இடத்தில் 95 ஆயிற்று. செலவில் பாதி எப்படியும் அந்த வருடம் செய்ய வேண்டிய ரிப்பேர்தான்.

தகர ஷீட் கூரை சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஷீட்டை மாற்ற வசதி இல்லை. மிஷின் அறைக்கும் கடைக்கும் நடுவில் இருந்த தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் எழுப்பி, கெட்டியான கதவு போட்டோம். கல்லாப்பெட்டி அருகே சத்தம் 70-க்கு இறங்கிவிட்டது. போனில் விலை கேட்கும்போது 'என்ன, என்ன' என்று கத்துவது நின்றதே ஒரு லாபம். (சணல் சாக்குகளைச் சுவர் முழுதும் தொங்க விட்டால் சத்தம் குறையும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். ஓரளவு குறையும்தான். மாவுத் தூசியும் சணலும் மோட்டாரும் ஒரே அறையில் இருந்தால் தீ பிடிக்கவும் வழியாகும். வேண்டாம்.)

பிறகு ஆளைப் பிரித்தோம். இரண்டு பேர் மாறி மாறி நிற்கிறார்கள். தலைக்கு வத்தல் மிஷினில் இரண்டரை மணி, மாவு மிஷினில் ஒன்றரை மணி. நம் நாட்டு அட்டவணைப்படி 62 காசும் 25 காசும் சேர்ந்து ரூபாய்க்குள் அடங்குகிறது. அமெரிக்கக் கணக்கில் பார்த்தால் இன்னும் 4 ரூபாய் வருகிறது. ஆகவே காதுறையும் கட்டாயம்.

காதுறை விஷயத்தில் நாம் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. முதலில் பஞ்சு வைத்தார்கள். சாதாரணப் பஞ்சு சத்தத்தைத் தடுப்பது மிகச் சொற்பம். அடுத்து மருந்துக் கடையில் விற்கும் நுரை அடைப்பான் வாங்கிக் கொடுத்தோம். விலை மலிவு, வேலையும் நன்றாகவே செய்யும். அதை விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரிந்து அடைத்துக்கொள்ளும் வரை அரை நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் வத்தல் அரைத்த கையால் உருட்டிக் காதுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று நாம் யோசிக்கவில்லை. பாவம், அன்று முழுதும் ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டு குதித்தார். வத்தல் மிஷினுக்குத் தலையில் மாட்டும் கிண்ணக் காதுறைதான் சரி. மாவு மிஷினுக்கு, கை கழுவிவிட்டுப் போடுவதானால், நுரை அடைப்பான் போதும்.

'காதை மூடிக்கொண்டால் மிஷினில் கல் விழுந்தது தெரியாதே' என்பது ஆட்களின் முதல் ஆட்சேபம். நியாயமானதுதான். காதுறை சத்தத்தைக் குறைக்குமே தவிர அடியோடு நிறுத்தாது. முதல் இரண்டு வாரம் எல்லாச் சத்தமும் புதிதாகத் தெரியும், பிறகு அந்தக் குறைந்த சத்தத்திலேயே கல் எது, கம்பி எது என்று பழகிவிடும். இன்னொரு ஆட்சேபம் வியர்வை. இதற்கு நம்மிடம் பதில் இல்லை, துடைத்துக்கொள்ள ஒரு துண்டுதான் கொடுத்தோம். வாடிக்கையாளர் பேசும்போது கழற்றிக்கொள்கிறோம் என்று சொன்னார்கள். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை நேரத்தில் பாதி நேரம் கழற்றி வைத்தால், 30 டெசிபல் தடுக்கும் உயர்ந்த காதுறைகூட மொத்தத்தில் 3 டெசிபல் பலன்தான் தரும். பாதி நேரம் போட்டால் பாதிப் பலன் என்று கணக்குப் போடுவது தவறு. பேச வேண்டுமானால் மிஷினை நிறுத்து, அல்லது கதவுக்கு வெளியே வந்து பேசு என்று வைத்துவிட்டோம்.

இப்போதைய பையன்களிடம் புதிய பழக்கம் ஒன்றைப் பார்க்கிறோம். மிஷின் சத்தம் கேட்காமல் இருக்கச் செல்போன் பாட்டைக் காதில் மாட்டிக்கொள்கிறார்கள். மிஷினை மிஞ்சிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பாட்டு மிஷினைவிடப் பலமாக இருக்க வேண்டும். அது காதுறை அல்ல, காதுக்குள் இன்னொரு மிஷின்.

கடைசியாகச் சோதனை. ஆடியோகிராம் என்ற இந்தச் சோதனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செய்கிறார்கள். வலி கிடையாது. ஹெட்போன் மாட்டி மெல்லிய ஒலிகளைக் கேட்க வைத்துப் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். ஆள் வேலைக்குச் சேரும்போதே ஒன்று எடுத்து வைத்து, பிறகு வருடத்துக்கு ஒன்று எடுத்தால், பேச்சு குழறத் தொடங்கும் முன்னரே 4,000-ல் பள்ளம் விழுவது காகிதத்தில் தெரிந்துவிடும். மிஷினில் நின்ற கையோடு போகக் கூடாது. காது ஓய்ந்திருக்க வேண்டும், 14 மணி நேரம் சத்தம் இல்லாமல் இருந்து போவது முறை. அதனால் நாம் விடுமுறைக்கு மறுநாள் காலையில் அனுப்புகிறோம். அன்றைய சம்பளம் பிடிப்பதில்லை.

நமக்கும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் பள்ளம் இருக்கிறது, இடது காதில் கூடுதல். நம் கல்லாப்பெட்டிக்கு இடது பக்கம்தான் மிஷின் அறை. எவ்வளவு வயதினால், எவ்வளவு மிஷினால் என்று டாக்டர் பிரித்துச் சொல்லவில்லை.

அந்தத் தம்பிக்கு இரண்டு காதுக்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். கருவி சத்தத்தைக் கூட்டித் தருகிறது, செத்துப்போன செல்களின் வேலையைச் செய்வதில்லை. அமைதியான இடத்தில் ஒருவரோடு பேசினால் நன்றாகப் பிடிபடுகிறது, கூட்டத்தில் பிடிபடுவதில்லை. ஆகவே சில்லறையிலிருந்து எடுத்துக் கிடங்கில் வரவு செலவுச் சீட்டு எழுதும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம், சம்பளம் குறைக்கவில்லை. அவரிடம் பேசும்போது எதிரில் நின்று, முகம் தெரியும்படி, நிதானமாகப் பேச வேண்டும் என்று கடையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். கத்தினால் சொல் இன்னும் கலங்கிப்போகும். அன்று நாலு பேர் முன்னால் கேட்ட கேள்விக்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். 'அதெல்லாம் கேக்கவே இல்லை முதலாளி' என்று சிரித்தார்.

இப்போது மிஷினில் நிற்கும் இரண்டு பையன்களுக்கும் காதுறை போடும் முறையைக் கற்றுக்கொடுத்தவர் அவரே. காதுறையை எங்கே வைப்பது என்பதும் அவர் யோசனைதான். அலமாரியில் வைத்தால் மறந்துவிடுவார்கள் என்று சொல்லி, சுவிட்ச் போர்டின் மேலேயே ஓர் ஆணி அடித்து, சுவிட்சை மறைக்கிறபடி தொங்க விட்டிருக்கிறார். அதை எடுக்காமல் மிஷினைப் போட முடியாது.